கழுவிக் கொடுத்தும் விலைபோகாத பால்மா பக்கட்

"பிள்ளைகள் பால்மா பக்கட்டுகளைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தார்கள். பழைய சாமான் எடுக்க வந்தவர் போத்தல்களை மட்டும் அள்ளிக்கொண்டு பக்கட்டுகளைத் தொடவேயில்லை. ஏன்?" ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்.

வந்தவருக்குத் தொழில் தெரியும். தண்ணீர்ப் போத்தலின் உடல் பெட் (PET) என்ற பிளாஸ்டிக். மூடி வேறு பிளாஸ்டிக். துண்டாக்கித் தண்ணீரில் போட்டால் பெட் மூழ்கும் (தண்ணீரின் அடர்த்தி 1, பெட்டின் அடர்த்தி 1.38), மூடி மிதக்கும். வேலை முடிந்தது.

பக்கட் அப்படியில்லை. மலையகத்து ஈரக்காற்று பட்டால் பால்மா கட்டிபடும். ஒட்சிசன் பட்டால் அதன் கொழுப்பு காறிப்போகும். பொலித்தீன் நீராவியை நன்றாகவே தடுக்கும், ஒட்சிசனைத் தாராளமாக விட்டுவிடும். பிளாஸ்டிக் என்பதே பின்னிக்கிடக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்தான். இடையில் சந்து உண்டு, வாயு மெல்ல நுழைந்துவிடும். உலோகத்தில் அணுக்கள் நெருங்கி அடுக்கியிருப்பதால் அந்தச் சந்து கிடையாது. ஆகவே நடுவில், மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்கும் மெல்லிய அலுமினியத் தாள். வெளியே அச்சைத் தாங்கும், எளிதில் கிழியாத பிளாஸ்டிக், பெரும்பாலும் பெட். உள்ளே, சூட்டில் உருகி வாயை ஒட்டும் பொலித்தீன். மூன்றையும் பசைபோட்டு ஒன்றாக்கிவிடுகிறார்கள். என்ன அழகான பொறியியல்!

அந்த அழகுதான் வினை. எவ்வளவு பொடியாக வெட்டினாலும் ஒவ்வொரு துணுக்கிலும் மூன்றும் இருக்கும். தண்ணீர்த் தொட்டியால் பிரிக்க முடியாது. உருக்கலாமே என்றால், பொலித்தீன் 110-130 பாகை செல்சியஸிலேயே உருகும், பெட் உருக 250 வேண்டும். உருகினாலும் எண்ணெயும் தண்ணீரும் போல விலகியே நிற்கும். ஆறியபின் அந்த எல்லையில்தான் உடையும். அலுமினியத் துணுக்கு இயந்திரச் சல்லடையை அடைக்கும்.

அடுக்குகளைக் கரைத்துப் பிரிக்கும் முறைகளும் உண்டு. ஆனால் சில கிராம் பக்கட்டை மலைப்பாதையில் லொறி பிடித்து இறக்க யார் செலவழிப்பது? என்னைக் கேட்டால், அதை விற்றவர்கள்தான். குப்பை அள்ளும் உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபை தோட்டங்களுக்குச் செலவிடலாம் என்று சட்டம் திருத்தப்பட்டதே 2018இல்தான். குப்பை லொறி ஏறாத தோட்ட லயன் குடியிருப்புகளைப் பார்த்து "சனங்களுக்குப் பழக்கம் போதாது" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? போத்தல்களை நசுக்கி வையுங்கள், லொறியில் காற்றை ஏற்றவேண்டாம். பக்கட்டை எரிக்காதீர்கள், அடியில் துளைபோட்டால் நாற்றுப் பையாகும். அப்புறம் ஒரு பிஸ்கட் உறையைக் கசக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கசங்கியபடியே கிடந்தால் அலுமினியத் தாள். மெல்ல விரிந்தால் பிளாஸ்டிக்மேல் படியவைத்த அலுமினியப் பூச்சு. அது தாளைவிட நூறு மடங்கு மெல்லியது.