ஜல்லிக் குழிக்குள் ஒரு பவளத்திட்டு

சிகாகோவுக்குத் தெற்கே இருக்கும் தார்ன்டன் குவாரி அமெரிக்காவின் மிகப் பெரிய ஜல்லிக் குவாரிகளில் ஒன்று. 80-ஆம் எண் நெடுஞ்சாலை அந்தக் குழியின் குறுக்கே, வெட்டாமல் விட்டுவைத்த பாறை மேட்டின் மீது செல்கிறது. குழியின் வடபகுதியில் கல் வெட்டும் வேலை முடிந்துவிட்டது. ஆனால் இத்தனை பெரிய குழி ஏன் அந்த இடத்தில் உருவானது என்பதற்கான விடை அதன் சுவர்களிலேயே இருக்கிறது.

சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன், சிலூரியன் காலத்தில், இந்த நிலப்பகுதி பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கு அடியில் கிடந்தது. பவள உயிரிகளும், ஸ்ட்ரோமடோபோராய்டு எனப்படும் கடற்பஞ்சு இன உயிரிகளும் சுண்ணாம்புக் கூடுகளைத் தலைமுறை தலைமுறையாக அடுக்கி, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் அகலமான ஒரு திட்டை எழுப்பின. கடல் அல்லிகள் என்னும் பூப்போன்ற விலங்குகள், சிப்பிகள், இன்று அழிந்துபோன ட்ரைலோபைட்டு என்னும் கணுக்காலிகள் எல்லாம் அங்கே குடியேறின. அலைகள் திட்டின் விளிம்பை உடைத்து, சிதிலங்களை அதன் சரிவுகளில் கொட்டிக்கொண்டே இருந்தன.

குவாரி இந்தத் திட்டைக் குறுக்காக வெட்டிக் காட்டியிருக்கிறது. நடுப்பகுதியில் அடுக்கே தெரியாது. ஒரே கட்டியான பாறை. அது உயிரிகள் வளர்ந்த இடம். அங்கிருந்து விலகினால் அடுக்குகள் நன்றாகச் சாயத் தொடங்குகின்றன. சில இடங்களில் சாய்வு 30 டிகிரியைத் தாண்டுகிறது. சாய்ந்த அடுக்குகளைக் கண்டால் நிலம் மடிந்ததாகத்தான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் இங்கே அவை மையத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கிச் சரிகின்றன. இன்னும் தள்ளிப் போனால் மெல்லிய, கிடையான அடுக்குகள்தான். ஆகவே அந்தச் சாய்வு, சிதிலங்கள் விழுந்து படிந்தபோதே இருந்த கடலடிச் சரிவு. பல கோடி ஆண்டுகள் கழித்தும் ஒரு சரிவின் கோணம் அப்படியே கிடைப்பதுதான் இந்த இடத்தின் பெரும் அதிசயம் என்பேன்.

வணிகத்தில் சுண்ணாம்புக்கல் என்று அழைத்தாலும், இது இப்போது டோலமைட். புதைந்த பிறகு மெக்னீசியம் நிறைந்த நீர் உள்ளே ஊடுருவி, கால்சியத்தில் ஒரு பங்கை அகற்றி அந்த இடத்தில் மெக்னீசியத்தை அமர்த்தியது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். டோலமைட்டைப் பொடியாக்கினால்தான் நுரைக்கும். இந்த மாற்றத்தில் பல ஓடுகள் கரைந்து, அவற்றின் வெற்று அச்சுகள் மட்டுமே மிஞ்சின. அதனால் பாறையில் நிறைய துளைகள்.

நல்ல ஜல்லியும் இந்தத் திட்டின் கொடைதான். திட்டுக்கு வெளியே அமைதியான கடலடியில் களிமண்ணும் செர்ட் என்னும் சிலிக்காக் கல்லும் கலந்து படிந்தன. களிமண் உள்ள கல் நீரை உறிஞ்சிச் சிகாகோவின் உறைபனியில் பிளந்துபோகும். செர்ட்டோ சிமெண்டின் காரத்துடன் வினைபுரிந்து வீங்கிக் கான்கிரீட்டையே விரிசல் விடச் செய்யும். அலை அடித்துக் கழுவிய திட்டில் இந்த இரண்டும் மிகக் குறைவு. எனவே குவாரிக்காரர்கள் நல்ல கல்லைத் தேடிப் போன இடம் பழைய பவளத்திட்டாகவே அமைந்தது.

அதே துளைகளில் ஒரு காலத்தில் எண்ணெய் தேங்கியிருந்தது. சுவர்களில் இன்றும் தார்போன்ற கருங்கறைகள் தெரிகின்றன. சிகாகோவின் இரண்டாம் பிரஸ்பிடேரியன் தேவாலயச் சுவர்களிலும் இத்தகைய புள்ளி விழுந்த கல்லைக் காணலாம்.

வெட்டி முடித்த வடபகுதி 2015-இல் நீர்த்தேக்கமானது. பெருமழையில் மழைநீரும் சாக்கடை நீரும் கலந்து வழியும்போது, ஏறத்தாழ 3,000 கோடி லிட்டரை இங்கே தேக்கிவைத்து, பிறகு சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அழுக்கு நீரைத் தேக்க, துளையும் விரிசலும் உள்ள பாறையை அப்படியே நம்ப முடியாது. அதனால் குழியைச் சுற்றிலும் ஆழமாகத் துளையிட்டு, அழுத்தத்தில் சிமெண்டுக் குழம்பைச் செலுத்திப் பாறைக்குள்ளேயே ஒரு தடுப்புத் திரை அமைத்திருக்கிறார்கள்.