படத்தில் வெறுங்காணி, கரையில் பாடு

தலைமன்னார் பக்கம் வேலைக்குப் போனால் பழைய இறங்குதுறையடியில் கொஞ்ச நேரம் நிற்பேன். 1914 இல் ரயில் வந்து சேர்ந்த இடம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் இங்கே கப்பலேறித் தனுஷ்கோடிக்குப் போனார்கள். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. போர் வந்ததும் அதுவும் நின்றது. ரயில் 2015 இல் திரும்பி வந்துவிட்டது. துறை இன்னும் அப்படியே கிடக்கிறது.

அரசாங்கம் இப்படியான துறைகளை எடுத்துக் கட்டியெழுப்ப வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் நில அளவையாளனாக ஒரு பயம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் வன்னிக் கரையொன்றில் அளந்துகொண்டிருந்தேன். கையிலிருந்த படத்தில் அந்தத் துண்டு அரச காணி, பற்றை. வயதான ஒருவர் பக்கத்தில் வந்தார். "தம்பி, வெறுங்காணி எண்டு எழுதிப்போடாதையுங்கோ. அப்பு காலத்திலயிருந்து எங்கட வலை இதிலதான் காயுது." பிறகு என்னோடு நடந்து மீனவர் தங்கும் குடிசைகளான வாடிகள், கருவாடு காயவைக்கும் மணல், உழவு இயந்திரம் வரும் பாதை எல்லாவற்றையும் காட்டினார். படத்தில் ஒன்றுமே இல்லை.

லண்டன் துறைமுகப் பகுதியிலும் கரையில் பிழைத்தவர்கள் இப்படித்தான் விடுபட்டுப் போனார்கள். கொள்கலன் கப்பல்கள் வந்ததும் பழைய துறைகளுக்கு வேலையில்லாமல் போய், 1981 இல் கடைசித் துறைகளும் மூடின. அதே வருடம் அரசாங்கம் ஒரு அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தை அமைத்து, திட்டமிடும் அதிகாரத்தை உள்ளூர்ச் சபைகளிடமிருந்து எடுத்து அதனிடம் கொடுத்தது. 1987 இல் இலகு ரயில் ஓடியது. கனரி வோவ் என்ற இடத்தில் வங்கிக் கோபுரங்கள் எழுந்தன. 1998 இல் கூட்டுத்தாபனம் கலைக்கப்பட்டபோது பார்க்க அழகான ஊர்தான். ஆனால் மூட்டை சுமந்த குடும்பங்களுக்கு அந்த வங்கி வேலைகள் பொருந்தவில்லை, புதிய வீடுகளின் விலையும் எட்டவில்லை.

எங்கள் நிலைமை இன்னும் சிக்கல். தனியார் காணியென்றால் 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி அறிவித்தல் ஒட்ட வேண்டும், ஆட்சேபணை கேட்க வேண்டும். கரையோ பெரும்பாலும் அரச காணி. அதை எடுக்க அந்த அறிவித்தலே தேவையில்லை. கரைவலைப் பாட்டுக்கு, அதாவது கரையில் நின்று வலை இழுக்கும் இடத்துக்கு, கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கலாம். சரி, வலை காயும் மணலுக்கு? வாடிக்குப் போகும் பாதைக்கு? அதற்கெல்லாம் அநேகமாக ஒரு தாளும் இருக்காது.

அதனால் திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கடற்றொழிலாளர் சங்கத்தில் கூடியிருந்து ஒரு கைப்படம் வரையுங்கள். எந்தப் பாடு யாருடையது, வாடி எத்தனை, பாதை எது என்று குறியுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பிரதியொன்றைக் கிராம அலுவலரிடமும் இன்னொன்றைப் பிரதேச செயலகத்திலும் கொடுத்து, திகதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள்.

அளவையாளர் வரும் நாளில் யாராவது கரையில் நில்லுங்கள். அந்த ஐயா நடந்து காட்டிய இடங்களை நான் அன்றைக்கே படத்தில் ஏற்றினேன். அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.