தெங்கோலோக் கிரீடம் அல்ல

மலேசியாவில் தேசிய மாதம் வந்தால், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மணிலா அட்டையும் பசையுமாக உட்கார்ந்து விடுவார்கள். மாமன்னர் தலையில் அணியும் தெங்கோலோக்கைச் செய்வது ஒரு கைவேலை. அதற்குத் தரப்படும் தாளில் ‘மாமன்னர் கிரீடம் செய்வோம்’ என்று இருக்கிறது. பிள்ளைகளும் அட்டையின் மேல்விளிம்பைப் பல் பல்லாக வெட்டி, ஐரோப்பிய ராஜா போட்டுக்கொள்கிற ஒன்றைச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். பிழை பிள்ளைகளுடையது அல்ல, மொழிபெயர்த்தவருடையது.

தெங்கோலோக் என்பது துணி. சரிகை இழை சேர்த்து நெய்த சதுரமான சொங்கேட் துணியைக் குறுக்கே முக்கோணமாக மடித்து, விறைப்பாக்கி, அடுக்கடுக்காகச் சுற்றி, ஒரு முனையை மேலே நிமிர்த்தி விடுவார்கள். ஒவ்வொரு மடிப்பு முறைக்கும் தனிப்பெயர் உண்டு. மாமன்னருடையது கறுப்புத் துணியில் வெள்ளிச் சரிகை வேலை செய்தது. அதன் கட்டுக்கு நெகிரி செம்பிலான் வழிவந்த ‘டெண்டாம் தாக் சுடா’ என்று பெயர். தீராத வஞ்சம் என்று பொருள்.

கிரீடம் வடசொல். மகுடமும் அப்படியே, மலாயில் அதுதான் ‘மக்கோத்தா’ ஆனது. மலாய்க்காரர்கள் மக்கோத்தா வேறு, தெங்கோலோக் வேறு என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்க, நாம் மட்டும் இரண்டையும் ஒன்றாக்குவது என்ன நியாயம்? பக்கத்துக் கோலகங்சார் பேரா சுல்தானின் அரச நகரம். பேராவின் முதல் சுல்தான் முசபர் ஷா வந்த கப்பல் தரைதட்டியதாகவும், சரக்கையெல்லாம் எறிந்தும் நகராமல் கடைசியில் மகுடத்தையே நீரில் எறிந்ததும் நகர்ந்ததாகவும், அதன்பின் அவர் மகுடம் சூடவில்லை என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த மண்ணில் இருந்துகொண்டு தெங்கோலோக்கைக் கிரீடம் என்றால் அந்தக் கதையே பொய்யாகி விடும். ஜொகூர் மட்டும் விலக்கு. அங்கே 2015 மார்ச் 23-இல் சுல்தான் இப்ராஹிம் உண்மையாகவே மகுடம் சூடினார்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘துணிமுடி’ என்கிறார்கள். நல்ல தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் முடி என்றால் பிள்ளைக்கு முதலில் தலைமயிர்தான் நினைவுக்கு வரும். துணிமுடி என்றதும் பொய்முடியைத் தேடும். பெரியவர்களுக்கோ முடி என்பது வேந்தர் சூடியது, அதாவது மறுபடியும் மகுடம். கிரீடத்தை வெளியே தள்ளிவிட்டு அதன் பொருளைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவது தூய்மை ஆகாது. தமிழில் வினையே வழி காட்டுகிறது: முடியைச் சூடுகிறோம், தலைப்பாகையைக் கட்டுகிறோம். தெங்கோலோக் கட்டப்படுவது. ‘பரிவட்டம்’ என்று ஒருவர் சொன்னார். அதுவும் துணிதான், அதையும் கட்டத்தான் செய்கிறோம். ஆனால் அது கோயில் மரியாதை. அதை அங்கேயே விடலாம்.

ஆக, அரசத் தலைப்பாகை. தலைப்பா என்றால் கங்காணி கட்டியதுதானே என்று தோட்டத்துப் பெரியவர்கள் கேட்கலாம். அதற்காகத்தான் ‘அரச’ என்ற அடை. கூடவே தெங்கோலோக் என்ற பெயரையும் எழுத வேண்டும். சொங்கேட்டை அப்படியே சொங்கேட் என்கிறோம், இதற்கு மட்டும் என்ன தயக்கம்?

இதே அலட்சியம்தான் செய்தித்தாள்களிலும். மாமன்னர் பதவியேற்பைச் சளைக்காமல் ‘முடிசூட்டு விழா’ என்கிறார்கள். சூட்ட அங்கே முடியே இல்லை. மலாயில் ‘பெர்தாபாலான்’. ‘தாபால்’ என்பது முரசு. அரசரின் நோபாட் இசை முழங்க அரியணை ஏறுவதைக் குறிக்கும் சொல். ‘அரியணை ஏற்பு விழா’ என்று எழுதக் கூடுதலாக என்ன மை செலவாகும்? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எழுதிவிட்டு, எதிரே இருக்கும் படத்தைப் பார்ப்பதே இல்லை.

அடுத்த முறை தாள் தயாரிப்பவர் தலைப்பை ‘தெங்கோலோக்: அரசத் தலைப்பாகை கட்டுவோம்’ என்று மாற்றட்டும். செய்முறையில் ‘வெட்டு’ என்பதை எடுத்துவிட்டு ‘மடி, சுற்று, செருகு’ என்று போடட்டும். அட்டை வேண்டாம், சொங்கேட் பூவேலை அச்சிட்ட பரிசுப்பொதித் தாள் ஒன்று போதும்.