துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே: நாயின் இதயம் நிரம்பும் நேரம்

இரண்டரை வயது லாப்ரடார் ஒன்றைச் சென்ற ஆண்டு கோடையில் என்னிடம் கொண்டுவந்தார்கள். மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போகிறது, பூச்சி மருந்து கொடுத்தும் குறையவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். மேசையில் ஏற்றாமல் தரையிலேயே படுக்கவைத்து, இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது என்னால் துடிப்பை எண்ண முடியவில்லை. ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தையல் இயந்திரம் ஓடுவதுபோல் கேட்டன. இ.சி.ஜி. தாளில் கணக்கிட்டபோது நிமிடத்துக்கு 260. அந்த நாய் ஓடிவிட்டு வரவில்லை, பயந்தும் இருக்கவில்லை. கண் சொக்கிப் படுத்திருந்தது. "இவ்வளவு வேகமா அடிக்குதுன்னா இதயம் நல்லா வேலை செய்யுதுன்னுதானே டாக்டர் அர்த்தம்?" என்று அவருடைய மகள் கேட்டாள். அன்றைய அவசரத்தில் அந்தக் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதே எண்ணத்தோடு வருகிறவர்கள் பலர் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இதயம் ஒரு நிமிடத்தில் உடலுக்கு அனுப்பும் இரத்தத்தின் அளவு இரண்டைப் பொறுத்தது: ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியேறுகிறது, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் விடை. துடிப்பு கூடக் கூட விடையும் கூடவேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இதயம் வெளியேற்றுவதற்கு முன்னால் நிரம்பியாகவேண்டும். நிரம்புவது துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவிலுள்ள ஓய்வில்தான். நிமிடத்துக்கு 80 முறை துடிக்கும் நாயின் இதயத்துக்கு ஒரு சுற்றுக்கு முக்கால் விநாடி கிடைக்கிறது. அதில் சுருங்குவதற்குப் போக மீதியுள்ள பெரும்பகுதி நிரம்புவதற்கு. 260 முறை துடிக்கும்போது முழுச் சுற்றுக்குமே கால் விநாடிகூட இல்லை. சுருங்கும் நேரத்தை இதயத்தால் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது என்பதால், இழப்பெல்லாம் நிரம்பும் நேரத்தின் தலையில் விழுகிறது. பாதிகூட நிரம்பாத குடத்தை மீண்டும் மீண்டும் கவிழ்த்தால் எவ்வளவு தண்ணீர் சேரும்?

இதோடு முடியவில்லை. இடது கீழறையின் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோனரி நாளங்கள் அந்தத் தசை சுருங்கும்போது நசுங்கிவிடுகின்றன. தளரும்போதுதான் அவற்றில் இரத்தம் தாராளமாக ஓடுகிறது. ஆகவே ஓய்வு நேரம் குறையும்போது இதயம் உடலுக்குத் தருவது மட்டுமல்லாமல், தனக்கென்று எடுத்துக்கொள்வதும் குறைகிறது. அதே நேரத்தில் அதன் ஆக்சிஜன் தேவையோ வேகத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டிருக்கிறது. நீண்ட நாள் இப்படி ஓடும் தசை தளர்ந்துபோவதில் வியப்பில்லை.

அப்படியானால் பந்தயத்தில் ஓடும் கிரேஹவுண்டின் இதயம் நிமிடத்துக்கு 300-ஐ நெருங்கியும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்கலாம். 1871-இல் பௌடிச் என்ற உடலியலாளர், ஜெர்மனியின் லைப்சிக் நகரில், தவளையின் இதயத் தசையைத் தூண்டிப் பார்த்து ஒன்றைக் கண்டறிந்தார்: தூண்டும் வேகத்தைக் கூட்டியபோது ஒவ்வொரு சுருக்கமும் முந்தையதைவிடப் படிப்படியாக வலுத்துக்கொண்டே போனது. துடிப்பு விரையும்போது தசைச் செல்லுக்குள் கால்சியம் கூடுதலாகச் சேர்வதே காரணம் என்று பின்னாளில் விளங்கியது. நலமுள்ள நாயின் இதயத்திலும் இந்த ஏற்பாடு உண்டு. ஓட்டத்தின்போது அட்ரினலின் சுருக்கத்தை வலுப்படுத்துவதோடு தளர்வையும் விரைவுபடுத்துகிறது. கால் தசைகள் பிழிந்து அனுப்பும் இரத்தமும் கூடுதலாக வந்து சேர்கிறது. எனவே குறைந்த நேரத்திலும் இதயம் நிரம்பிவிடுகிறது. ஓட்டம் நின்ற சில நிமிடங்களில் வேகம் இறங்கத் தொடங்குகிறது. நோயுற்ற இதயத்தில் இந்த வரம் மங்கிவிடும். செல்லுக்குள் கால்சியத்தைத் திரும்ப வாரிச் சேர்க்கும் வேலை பின்தங்குவதால், வேகம் கூடும்போது சுருக்கமும் வலுப்பதில்லை, தளர்வும் முழுமையாவதில்லை.

ஓயாத வேகமே ஓர் இதயத்தைக் கெடுக்கும் என்பதை நாய்களைக் கொண்டே மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது. 1962 முதல் நடந்த ஆய்வுகளில், நலமுள்ள நாய்களின் இதயத்தை மின்கருவியால் நிமிடத்துக்கு 200-க்கு மேல் தொடர்ந்து துடிக்கவைத்தார்கள். சில வாரங்களிலேயே கீழறைகள் விரிந்து, சுருங்கும் வலு குன்றி, உடலில் நீர் கோத்தது. கருவியை நிறுத்தியபின் பெருமளவு மீட்சியும் வந்தது. அந்த விலங்குகள் பட்ட துன்பத்தை நினைக்காமல் இந்த வரிகளை என்னால் எழுத முடியாது. அந்த அறிவை இன்றைய நாய்களுக்காவது முழுதாகப் பயன்படுத்துவது எங்கள் கடமை.

நான் பார்த்த லாப்ரடாருக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுவே; வயிறு உப்பியதும் நீர் கோத்ததால்தான். மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் செல்ல இயல்பில் ஒரே பாதைதான் உண்டு. சில நாய்களுக்கு, குறிப்பாக லாப்ரடார் இனத்தில், பிறவியிலேயே கூடுதலாக ஒரு தசை இழை அமைந்து இரண்டாவது பாதையாகிவிடுகிறது. ஒன்றின் வழியே இறங்கிய தூண்டல் மற்றதன் வழியே ஏறி, சுற்றிச் சுற்றி ஓடுகிறது. எக்கோ எனப்படும் இதய ஸ்கேனில் இடது கீழறை நன்றாக விரிந்து, சுவர்கள் சோம்பலாக அசைந்தன. அந்தப் படத்தை மட்டும் பார்த்திருந்தால் இது பிறவித் தசை நோய், மீட்பில்லை என்று எழுதியிருப்பேன். வேகத்தையும் சேர்த்துப் பார்த்ததால் தூண்டலின் ஓட்டத்தை மெதுவாக்கும் டில்டியாசெம் ஊசியை, இ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும்போதே, மிக மெதுவாகச் செலுத்தினோம். சில நிமிடங்களில் தாளில் அலைகள் சட்டென்று விலகி நின்றன. 260 என்பது 120 ஆனது. அந்தச் சிறுமி தன் உள்ளங்கையை நாயின் விலாவில் வைத்து, "இப்ப ஒண்ணொண்ணாத் தெரியுது" என்றாள்.

இதைப் படித்துவிட்டு, வேகத்தைக் குறைப்பதே மருத்துவம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இது நான் மிகவும் அஞ்சும் இடம். பெரும்பாலான நாய்களில் வேகமான துடிப்பு, உடல் வேறொரு குறையை ஈடுகட்டச் செய்யும் முயற்சி. உண்ணிக் காய்ச்சலில் இரத்தச் சிவப்பணுக்கள் அழிந்து ஈறு வெளுத்த நாய்க்கு, இருக்கும் கொஞ்சம் இரத்தத்தை விரைவாகச் சுற்றவைப்பதே பிழைக்கும் வழி. வெயில் தாக்கிய நாய், வாந்தி பேதியில் நீர் வற்றிய நாய், வலியில் துடிக்கும் நாய் எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். பதினொரு வயது ஸ்பிட்ஸ் ஒன்றுக்கு இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு ஒழுகி, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நெஞ்சு படபடவென்று அடிப்பதைப் பார்த்த குடும்பத்தார், தாத்தாவுக்கு எழுதிக்கொடுத்த துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் காலை கொண்டுவந்தபோது துடிப்பு குறைந்துதான் இருந்தது. இரத்த அழுத்தமும் அதோடு விழுந்திருந்தது. ஒரு துடிப்புக்கு அனுப்பும் அளவைக் கூட்ட முடியாத இதயம் எண்ணிக்கையால் சமாளித்துக்கொண்டிருந்தது; அந்த ஒரே ஊன்றுகோலை மாத்திரை பறித்துவிட்டது. அன்பினால் செய்த காரியம்தான், ஆனாலும் அந்த நாயைக் காப்பாற்ற முடியவில்லை. மனிதருக்கான இதய மாத்திரை எதையும், கால் துண்டுகூட, நாய்க்குத் தாமாகக் கொடுக்க வேண்டாம்.

கிரேட் டேன், டாபர்மேன் போன்ற பெரிய இனங்களில் இன்னொரு சிக்கல் வரும். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்கும். கீழறை எந்தத் தாளமும் இல்லாமல் விரையும். கீழறை நிரம்பும் கடைசிக் கட்டத்தில் மேலறை தரும் உந்துதலும் இல்லை, நேரமும் இல்லை. நெஞ்சில் 200 ஒலி கேட்கும்போது தொடை நாடியில் 140-தான் தட்டும். விடுபட்ட துடிப்புகள் நாடியை எட்டும் அளவுக்கு இரத்தத்தை வெளியே தள்ளாத வெற்றுத் துடிப்புகள். இங்கே தாளத்தைத் திருத்துவது பெரும்பாலும் கைகூடாது. டிகாக்ஸின், டில்டியாசெம் இரண்டையும் சேர்த்து வேகத்தைக் கட்டுக்குள் வைக்கிறோம். நாள் முழுவதும் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியில் சராசரி 125-க்குக் கீழே இருந்த நாய்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக ஆய்வு உண்டு.

துடிப்பு மிகவும் குறைவதும் ஆபத்தே. மேலறைத் தூண்டல் கீழறையை எட்டாமல் முற்றிலும் அடைபட்டால், கீழறை தானாக நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கும் குறைவாகத் துடிக்கும். நிரம்ப நேரம் தாராளமாக இருப்பதால் ஒவ்வொரு துடிப்பும் பெரிதாகவே இருக்கும்; படுத்திருக்கும்வரை தெரியாது. மாடிப்படி ஏறும்போது வேகத்தைக் கூட்ட வழியில்லாமல் சுருண்டு விழும். இதை வலிப்பு என்று கருதி மாதக்கணக்கில் வலிப்பு மருந்து கொடுத்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். மருந்து இங்கே அதிகம் உதவாது; மனிதருக்கு வைப்பதுபோலவே பேஸ்மேக்கர்தான் தீர்வு.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது எளிது. நாய் தூங்கும்போது இடது முழங்கை மடியும் இடத்தில் நெஞ்சின்மேல் விரல்களை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பின்தொடையின் உட்புறம் நாடி பார்க்கவும் பழகிக்கொள்ளலாம். ஓய்வில் பெரிய நாய்களுக்கு 60 முதல் 100 வரையும், சிறிய நாய்களுக்கு 140 வரையும் இயல்பு. ஆழ்ந்த தூக்கத்தில் இன்னும் இறங்கும். மருத்துவமனையில் பயத்தில் 150 காட்டும் நாய் வீட்டில் 70-இல் தூங்கும் என்பதால், நீங்கள் எழுதிவரும் எண் எனக்கு என் எண்ணைவிடப் பயனுள்ளது. மூச்சு இழுக்கும்போது துடிப்பு விரைந்து, விடும்போது தாமதித்தால் பதற வேண்டாம். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு நன்றாக ஆள்கிறது என்பதற்கு அது அடையாளம். இருமலோடு வரும் வயதான சிறு நாயில் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகக் கேட்டால், இருமல் இதயச் செயலிழப்பால் வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று எனக்குச் சற்று நிம்மதி. கூடவே தூக்கத்தில் மூச்சையும் எண்ணுங்கள். இதய நோயுள்ள நாய்க்கு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டி அப்படியே நீடித்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அந்த லாப்ரடார் நான்கு மாதம் கழித்து வந்தபோது வயிற்றில் நீர் இல்லை. எக்கோவில் இடது கீழறை பெரும்பாலும் பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது. மாத்திரை தொடர்கிறது, தொடரவும் வேண்டும். சிறுமி பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் தினமும் இரவு எண்ணியதைக் குறித்திருந்தாள்: 72, 68, 76. ஒரு நாள் மட்டும் 210 என்றிருந்தது. அருகிலேயே "மாத்திரை மறந்துட்டோம்" என்று எழுதி, பிறகு கொடுத்த நேரத்தையும் குறித்திருந்தாள்.