தேடலில் வரவில்லை என்பதற்காகக் கோப்பு அழிந்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள்

வீட்டுக் கணினிகளைச் சரிபார்த்துத் தரும் என்னிடம் வருபவர்களில் பலர், வைரஸ் புகுந்து ஃபைல் எல்லாம் போய்விட்டது என்ற பதற்றத்தோடுதான் வருகிறார்கள். விண்டோஸ் தேடல் கட்டத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தும் எதுவும் வரவில்லை என்பதே அவர்கள் சொல்லும் சான்று. சேமித்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் அந்தக் கோப்பு அங்கேயே இருக்கும். இது தெரியாமல் கோப்புகளை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருளுக்குப் பணம் கட்டுபவர்களையும், கணினியை ஃபார்மட் செய்து உண்மையாகவே எல்லாவற்றையும் இழப்பவர்களையும் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஸ்டார்ட் மெனுவில் தேடும்போது விண்டோஸ் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் துழாவுவதில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவைப் போல, தான் முன்பே தயாரித்து வைத்திருக்கும் இன்டெக்ஸைத்தான் பார்க்கிறது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் வழக்கமாக இருக்கும் 'கிளாசிக்' முறை டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், டெஸ்க்டாப் போன்ற பயனரின் சொந்த ஃபோல்டர்களை மட்டுமே அந்த இன்டெக்ஸில் சேர்க்கும். நம் வீடுகளிலோ முக்கியமானவற்றையெல்லாம் டி டிரைவில் போட்டு வைப்பது வழக்கம். கன்ட்ரோல் பேனலில் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸைத் திறந்து, 'மாடிஃபை' வழியாக அந்த ஃபோல்டரைச் சேர்த்துவிட்டால் பாதிப் பேரின் சிக்கல் தீர்ந்துவிடும். கணினி முழுவதையும் சேர்க்கும் 'என்ஹான்ஸ்டு' முறையை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பதில்லை. இன்டெக்ஸில் 4,00,000 உருப்படிகளுக்கு மேல் போனால் வேகம் குறையலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது.

இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் பக்கத்தின் மேல்வரியில், எத்தனை உருப்படிகள் சேர்ந்துள்ளன, வேலை முடிந்ததா என்பது தெரியும். பயனர் கணினியில் வேலை செய்துகொண்டிருப்பதால் வேகம் குறைக்கப்பட்டுள்ளது என்ற பொருளில் செய்தி இருந்தால் அது பழுதன்று. சார்ஜரைச் செருகி, இரவு முழுவதும் கணினியைத் தொடாமல் விட்டால் போதும். இன்டெக்ஸிங் இயங்கவே இல்லை என்று காட்டினால், பின்னணியில் இயங்கும் சேவைகளைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் சர்ச்' நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணினி வேகமாகும் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு அதை நிறுத்திவிட்டு, பிறகு மறந்துபோனவர்கள் நிறைய.

பெயரால் தேடினால் கிடைக்கும் கோப்பு, உள்ளிருக்கும் சொல்லால் தேடினால் கிடைக்காமல் போவது வேறு வகை. ஸ்கேன் செய்த பத்திரத்தின் பிடிஎஃப்பில் எழுத்துகளே இல்லை, படம்தான் இருக்கிறது. படத்தில் உள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு உரையாக மாற்றும் ஓசிஆர் முறையைச் செய்தால் ஒழிய உள்ளே தேட முடியாது. தமிழில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்த 'அம்மா' திரையில் அம்மாவாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற விசைக் குறிகளாகவே பதிவாகியிருக்கிறது. இன்று கணினிகளிலும் கைப்பேசிகளிலும் பொதுவாகப் பயன்படும் யூனிகோடு குறியீட்டில் 'அம்மா' என்று தேடுபவருக்கு அது எப்படி அகப்படும்? இதில் இன்டெக்ஸைக் குறை சொல்ல முடியாது. கோப்பை எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடாக்கிச் சேமிப்பதே வழி, அந்த வேலையைத் தள்ளிப்போடாமல் செய்துவிடுவது நல்லது.

இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் உள்ள 'ரீபில்ட்' பொத்தானுக்குப் போக வேண்டும். அது இன்டெக்ஸை மட்டுமே அழித்து மறுபடி உருவாக்கும், உங்கள் கோப்புகளைத் தொடாது. ஆனால் கோப்புகள் மிகுதியாக இருந்தால் பல மணி நேரம் ஆகும், அதுவரை தேடல் முடிவுகள் அரைகுறையாகவே வரும். இன்டெக்ஸ் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும் என்பதால், அங்கே போதிய காலி இடம் இருப்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ரீபில்ட் செய்தும் ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நின்றால் டிஸ்க்கே பழுதாகத் தொடங்கியிருக்கக்கூடும். அப்போது தேடலைச் சரிசெய்வதை விட்டுவிட்டு, முக்கியமான கோப்புகளை அன்றே வேறொரு டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.