சரிவுப் பாறையும் ஒற்றை முட்டையும்: கிரேட் ஆக் அழிந்த விதம்

பெங்குவின் என்ற பெயர் முதலில் தென்துருவப் பறவைக்கு வைத்தது அல்ல. வட அட்லாண்டிக்கில் வாழ்ந்த கிரேட் ஆக் என்ற பறவையைத்தான் மாலுமிகள் அப்படி அழைத்தார்கள். பிறகு தெற்கே போனபோது அதேபோல் நிமிர்ந்து நிற்கும், பறக்காத ஒரு பறவையைக் கண்டு அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆக் கடற்காகங்களின் வரிசையைச் சேர்ந்தது. பெயருக்கு உரிய பறவை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அழிந்துபோனது. இரவல் வாங்கிய பறவைக்கே பெயர் நிலைத்துவிட்டது.

முக்கால் மீட்டருக்கு மேல் உயரம், ஏறத்தாழ 5 கிலோ எடை. இறக்கையோ 15 செ.மீ. தான். இந்தச் சிறிய இறக்கையைக் குறை என்று நினைத்தால் பறவையையே தவறாகப் புரிந்துகொள்வோம். ஆக் குடும்பத்தில் எல்லாமே தண்ணீருக்குள் இறக்கையை அடித்து நீந்தி இரை பிடிப்பவை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. காற்றில் தாங்க அகலமான இறக்கை வேண்டும். தண்ணீரில் அதே அகலம் இழுவையாகிவிடும். ஒரே இறக்கை இரண்டு வேலையும் செய்தால் இரண்டும் அரைகுறைதான். இன்றும் பறக்கும் கில்லிமாட் என்ற உறவுப் பறவை ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான். அதுவே பறக்கும்போது, ஓய்வில் எரிப்பதைப்போல் சுமார் 30 மடங்கு ஆற்றலை எரிக்கிறது. பறவைகளில் அளந்து கண்டவற்றுள் இதுவே மிக அதிகம். எடை இன்னும் கூடினால் எழும்பவே முடியாது.

கிரேட் ஆக் காற்றைக் கைவிட்டது. உடனே எடைக்கு இருந்த தடையும் போனது. உடல் பெரிதானால் சேமிக்கும் ஆக்சிஜன் எடைக்கு ஏற்பக் கூடும். ஆனால் செலவாகும் வேகம் அந்த அளவுக்குக் கூடாது. அதனால் பெரிய பறவை நீண்ட நேரம் மூச்சடக்கும். எடையோடு ஒப்பிட்டால் உடலின் பரப்பு குறைவு என்பதால் குளிர்ந்த நீரில் சூட்டையும் மெதுவாகவே இழக்கும். எலும்பு தட்டையாகிக் குறுகிய அந்த இறக்கை நல்ல துடுப்பு. கடலில் இருக்கும் வரை இந்தப் பேரத்தில் நட்டமே இல்லை.

சிக்கல் கரையில். முட்டையிட நிலத்துக்கு வந்தே ஆக வேண்டும். பறக்கும் ஆக்குகளில் பல செங்குத்துப் பாறைமுகட்டில் போய் உட்காரும். கால்கள் உடலின் பின்கோடியில் இருந்த கிரேட் ஆக் தத்தித் தத்தித்தான் நடக்கும். கடலுக்குள் சரிந்து இறங்கும் பாறை, நிலத்து விலங்குகள் எட்டாத தூரத்தில் தீவு, பக்கத்தில் நிறைய மீன் என்று மூன்றும் சேர்ந்த இடம்தான் அதற்கு வேண்டும். வட அட்லாண்டிக்கில் அப்படிப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பறவை ஏறுவதற்குத் தோதான சரிவு, படகு அணைவதற்கும் தோதானது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை தானே விளங்கும்.

ஆண்டுக்கு ஒரே முட்டை. கூடு கிடையாது, வெறும் பாறையில் இடும். 12 செ.மீ. நீளம், ஒரு முனை கூர்ந்த வடிவம். ஒவ்வொரு முட்டையிலும் கோடும் புள்ளியும் வேறு வேறாக இருந்தன. நெரிசலில் தன்னுடையதை அடையாளம் காண அது உதவியிருக்கலாம். விளங்கிக்கொள்ள ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். 1,000 ஜோடி, 1,000 முட்டை. அதில் 600 குஞ்சு கடலை எட்டி, சில ஆண்டு கழித்து முட்டையிடும் பருவம் வரை 240 பிழைக்கிறது என்று கொள்வோம். வளர்ந்த 2,000 பறவைகளில் ஆண்டுக்கு 200 இயல்பாகச் சாகும். மிச்சம் 40. அதற்கு மேல் கை வைத்தால் முதலே கரையத் தொடங்கும். வளர்ந்த பறவை நீண்ட காலம் வாழ்வதால், முட்டைகள் பொய்த்தாலும் கூட்டம் சில ஆண்டுகளுக்குக் குறையாததுபோலத் தோன்றும்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உள்ள ஃபங்க் தீவு, அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய குடியிருப்பு. 1534இல் ஷாக் கார்த்தியே என்ற பிரெஞ்சு மாலுமி அங்கே வந்தபோது, அரை மணி நேரத்துக்குள் இரண்டு படகு நிறைய ஆக்குகளை ஏற்றினார்கள். உடனே தின்றது போக ஒவ்வொரு கப்பலும் நாலைந்து பீப்பாய் உப்புக்கண்டம் போட்டது. இந்தத் தீவுக்குப் பனிக்கரடியும் நீந்தி வந்து பறவையைத் தின்றதாக அவரே எழுதுகிறார். ஆக, பகையே அறியாத முட்டாள் பறவை என்ற பேச்சு சரியல்ல. எப்போதாவது வரும் கரடியை அது தாங்கியது. ஆண்டுதோறும் வரும் மீன்பிடிக் கப்பல்களைத் தாங்கவில்லை.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலையணைக்கும் மெத்தைக்கும் இறகு வேண்டியிருந்தது. ஆட்கள் கோடை முழுதும் தீவிலேயே தங்கினார்கள். கல் அடுக்கிய பட்டிக்குள் ஆக்குகளை ஓட்டி, தடியால் அடித்து, கொதிநீரில் முக்கி இறகு பிடுங்கினார்கள். அந்தத் தீவில் மரம் இல்லை. கொப்பரைக்கு அடியில் விறகாக எரிந்ததும் கொழுப்பு நிறைந்த ஆக்கின் உடல்தான். இப்படியே போனால் இனமே மிஞ்சாது என்று ஜார்ஜ் கார்ட்ரைட் என்ற வணிகர் 1785இல் எழுதினார். 1800 வாக்கில் ஃபங்க் தீவு காலி. மக்கிய உடல்களால் உண்டான மண்ணில் இப்போது பஃபின் என்ற சிறிய ஆக் வகைப் பறவைகள் வளை தோண்டுகின்றன. தோண்டும்போது ஆக் எலும்புகள் வெளியே வந்து விழுகின்றன.

2019இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று 41 பறவைகளின் எச்சங்களைப் பார்த்தது. பெருவேட்டைக்கு முன்பே இனம் நலிந்துகொண்டிருந்தது என்பதற்கு அதில் அறிகுறி இல்லை. 20 லட்சம் பறவைகள் இருந்திருந்தாலும், ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பிடித்தாலே 350 ஆண்டுக்குள் அழிந்துவிடும் என்று அதன் கணிப்பு சொல்கிறது.

கடைசி அடைக்கலம் ஐஸ்லாந்தின் தென்மேற்கே இருந்த கேர்ஃபுக்லாஸ்கேர். பெயருக்குப் பொருளே ஆக் பாறை. சுற்றிலும் அலை கொந்தளிக்கும், படகு அணைவது அரிது. 1830இல் எரிமலைக் குமுறலில் அந்தப் பாறை கடலுக்குள் மூழ்கியது. தப்பிய சில டஜன் பறவைகள் கரைக்கு நெருங்கிய எல்டே தீவுக்குப் போயின. எல்டே பெரும்பாலும் செங்குத்து. ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்த திட்டு. வழக்கம்போல், பறவைக்கும் மனிதனுக்கும் அதுவே வாசல். அதற்குள் ஆக் அரிதாகிவிட்டிருந்தது; அரிதானதாலேயே அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் தோலுக்கும் முட்டைக்கும் விலை ஏற்றினார்கள். சாதாரண வேட்டையில் பறவை குறைந்தால் தேடிப் போகும் செலவு கட்டாமல் விட்டுவிடுவார்கள். இங்கே குறையக் குறைய லாபம் கூடியது.

1844 ஜூன் தொடக்கத்தில் எல்டேயில் இறங்கியவர்கள் கண்டது ஒரே ஜோடி. யோன் பிரான்ட்சன் ஒன்றையும் சிகுர்துர் ஈஸ்லீஃப்சன் மற்றதையும் பிடித்துக் கழுத்தை நெரித்தார்கள். முட்டை கேட்டில் கேட்டில்சனின் காலணியில் நசுங்கியது. 1858இல் ஐஸ்லாந்துக்குப் போன ஜான் வுல்லி, ஆல்ஃபிரட் நியூட்டன் என்ற இரு ஆங்கிலேயர்கள் அந்தப் படகில் இருந்தவர்களையே விசாரித்து எழுதிவைத்ததால்தான் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. 1852இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் ஒன்றைப் பார்த்ததாக ஒரு பதிவு உண்டு. அதைச் சிலர் ஏற்கிறார்கள்.

உலகில் இன்று சுமார் 78 தோல்களும் 75 முட்டைகளும் மிஞ்சியுள்ளன. எல்டே ஜோடியின் உள்ளுறுப்புகள் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் சாராயத்தில் ஊறிக்கிடக்கின்றன. தோல்கள் கைமாறி எங்கே போயின என்று நீண்ட காலம் தெரியாமல் இருந்தது. உறுப்புகளின் மரபணுவைத் தோல்களோடு ஒப்பிட்டு, ஆண் பறவையின் தோல் பிரசல்ஸில் இருப்பதை 2017இல் உறுதிசெய்தார்கள்.