இரத்தத்தின் மீது பழி போடாதீர்கள்

"சாப்பிட்டதும் இரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விடுகிறது டாக்டர், மூளைக்குக் குறைந்துவிடுகிறது. அதுதான் தூக்கம்." வண்டி ஓட்டும்போது கண் அசந்து, தடுப்புச் சுவரில் மோதிவிட்டு வந்தவரும் இதையேதான் சொன்னார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

உணவுக்குப் பின் குடலுக்குக் கூடுதல் இரத்தம் போவது உண்மை. அதற்காக மூளையின் பங்கை யாரும் பிடுங்குவதில்லை. இதயம் சற்று அதிகமாக இறைத்து ஈடுகட்டிவிடும். அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தனக்கு வேண்டியதைக் காத்துக்கொள்ள மூளைக்குத் தெரியும். ஓடும்போது கால் தசைகளுக்கு இதைவிட அதிகமாகவே இரத்தம் பாய்கிறது. ஓடிக்கொண்டே யாராவது குறட்டை விடுகிறார்களா?

மாவுச்சத்தின் வேலை வேறு. இன்சுலின் சுரந்து மற்ற அமினோ அமிலங்களைத் தசைக்குள் தள்ளிவிட, டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் மட்டும் போட்டியின்றி மூளைக்குள் நுழைந்து, தூக்கத்துக்கு வழிவிடும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் ஆகிறது என்பது பழைய விளக்கம். தட்டில் சிறிது புரதம் இருந்தாலே அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விழிப்பைக் காக்கும் ஓரெக்சின் நரம்பணுக்களைக் குளுக்கோஸ் அடக்குவதை விலங்கு ஆய்வுகளில் காண்கிறோம். போதாததற்கு, பிற்பகல் 1 மணி முதல் 3 மணி வரை உடல் கடிகாரமே தளரும்; பட்டினி கிடந்தாலும் தளரும்.

சுவரில் மோதியவர் காலை 10 மணிக்கே காத்திருப்பு அறை நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். மதிய உணவுக்கு இன்னும் நேரம் இருந்தது! இரவில் பெருங்குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவார் என்று மனைவி சொன்னார். தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். வயிற்றைக் காரணம் காட்டியே பல ஆண்டுகளை ஓட்டியிருக்கிறார்.

தட்டில் மாவுச்சத்தைக் குறையுங்கள் (இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு). காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில். முடித்ததும் 10 நிமிடம் நடங்கள். வண்டியில் கண் சொக்கினால் ஓரங்கட்டி 20 நிமிடம் தூங்குங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை அலறவிடுவதும் வீண். அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்திருந்தால் சர்க்கரையைப் பாருங்கள்.

முதியவர்களிடம் மட்டும் அந்த இரத்தக் கதையில் ஒரு துளி உண்மை உண்டு. சிலருக்கு உணவுக்குப் பின் 2 மணி நேரத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்கி, தலை சுற்றும், விழவும் செய்வார்கள். உண்பதற்கு முன்னும், உண்டு 1 மணி நேரம் கழித்தும் அளந்து எழுதி வாருங்கள். தயவுசெய்து, இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள்.